பேச்சிழந்தவர் எந்த மொழியில் பேச்சிழந்தார்?

“நோயாளி ஒத்துழைக்கவில்லை.”

பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சையின் குழுக் கூட்டங்களில் மிக எளிதாகச் சொல்லப்படக்கூடிய தொடர் இது. கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் எளிதில் அழியாத தொடரும் இதுவே. பயிற்சி நேரத்தைக் குறைப்பதற்கும், நோயாளியை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவதற்கும், ‘இனி முன்னேற வாய்ப்பில்லை’ என்று முடிவு கட்டுவதற்கும் இத்தொடர் போதுமான காரணமாகிவிடுகிறது. கேரளத்தின் எல்லைப்புறத்தில், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் வாழும் தமிழர் ஒருவரைப் பற்றி இவ்வாறு எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும்: எந்த மொழியில் அவர் ஒத்துழைக்கவில்லை?

இக்கேள்வியைக் கேட்காத குழுக் கூட்டம் தன் பணியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. இப்பதிவின் வாதம் இவ்வளவே. இதை மொழியுரிமை முழக்கம் என்று ஒதுக்கிவைக்க விரும்புவோர், முதலில் இதன் மருத்துவப் பக்கத்தைப் பார்க்கட்டும்.

பக்கவாதச் சிகிச்சையில் குழுக் கூட்டத்தை நிர்வாகச் சடங்கு என்று எண்ணுவோர் உண்டு. சான்றுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. பக்கவாதத்துக்கெனத் தனிப்பிரிவு அமைத்து, மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒருங்கிணைந்து பணியாற்றினால் இறப்பும் பிறரைச் சார்ந்து வாழும் நிலையும் குறைகின்றன. 2020இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பாய்வு 29 சோதனைகளையும் 5,902 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு இம்முடிவை உறுதிசெய்தது. அத்தகைய பிரிவின் இலக்கணமாகக் கொள்ளப்படுபவற்றுள் இரண்டு இங்கு முக்கியமானவை. ஒன்று, வாரம் ஒருமுறையேனும் பல்துறையினர் கூடிப் பேசுதல். மற்றொன்று, நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தாரை வழக்கமாகவே சிகிச்சையில் ஈடுபடுத்துதல். புதுமருந்து எதுவும் இல்லாமல், மனிதர்கள் முறையாகக் கூடிப் பேசுவதையும் உள்ளடக்கிய ஓர் ஏற்பாடு உயிர் காக்கிறது என்பது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய செய்தியன்று. ஆகவே, அப்பேச்சு எம்மொழியில், யாருக்கிடையே, யாரைப் பற்றி நிகழ்கிறது என்பது சிகிச்சையின் தரத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

கூட்டத்தில் நடப்பது என்ன? ஒவ்வொரு துறையினரும் தத்தம் அறிக்கையைச் சொல்கின்றனர். நடக்கிறாரா, கட்டிலிலிருந்து தானே எழுகிறாரா, கழிப்பறைக்குத் துணை வேண்டுமா என்பன பார்த்தெல் அளவுகோல் போன்றவற்றால் எண்களாகின்றன. விழுங்குவதில் தடை உண்டா என்று பார்க்கப்படுகிறது. பேச்சும் புரிதலும் மதிப்பிடப்படுகின்றன. பிறகு அடுத்த வாரத்துக்கான இலக்கு, வீடு திரும்பும் நாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்ற கேள்வி. இவ்வரிசையில் நோயாளி ஒரு பேசுபொருளாகவே வருகிறார்; பேசுபவராக வருவதில்லை. பேசுவோருக்குள்ளும் சமநிலை கிடையாது. பிரித்தானிய மருத்துவமனைகளின் பல்துறைக் கூட்டங்களை ராபர்ட் பேல்ஸ் வகுத்த உரையாடல் பகுப்பாய்வு முறையால் ஆராய்ந்து அனிதா அட்வால், கே கால்டுவெல் ஆகியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, மூத்த மருத்துவர்களின் குரலே அக்கூட்டங்களில் மேலோங்குவதையும் பிற துறையினர் கருத்துச் சொல்லத் தயங்குவதையும் காட்டியது. ஒரே மொழி பேசுவோரிடையே நிலைமை இதுவானால், நோயாளியின் மொழியை அறிந்தவர் ஒருவருமே இல்லாத கூட்டத்தின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

கேரளத்தைக் குறைசொல்வது எளிது; அதன் சாதனைகளை மறைத்துக் குறைசொல்வது நேர்மையாகாது. மாவட்ட மருத்துவமனை அளவிலேயே பக்கவாதச் சிகிச்சையைக் கொண்டுசெல்ல ‘சிரஸ்’ என்னும் திட்டத்தை அம்மாநிலச் சுகாதாரத் துறை நடத்துகிறது. 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக்கொள்கை வகுத்து, ஊராட்சிகளின் வழியாகச் செவிலியரை வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டையும் வளர்த்தது. படுக்கையில் கிடக்கும் பக்கவாத நோயாளிக்கு இதன் பயன் பெரிது. இந்தியாவின் பிற மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய விவாதத்துக்கே இடமில்லாத நிலையில், கேரளத்திடம் கூடுதலாகக் கேட்க முடிவது அதன் சாதனையால்தான். அந்த உரிமையோடுதான் இக்கேள்வி முன்வைக்கப்படுகிறது.

பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா எனப்படும் மொழியிழப்பு நேர்கிறது. அறிவு மங்குவதில்லை; சொல்லைத் தேடி எடுப்பதும், தொடரை அமைப்பதும், கேட்டதைப் புரிந்துகொள்வதும் வெவ்வேறு அளவில் சிதைகின்றன. கொழுந்தெடுத்தே வாழ்நாளைக் கழித்த தோட்டத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் லயத்திலும் தேயிலைக் காட்டிலும் அவர் பேசியது தமிழ். கடையிலும் அலுவலகத்திலும் பேருந்திலும் மலையாளம். இடதுமூளையில் அடைப்பு ஏற்பட்டு மாவட்ட மருத்துவமனைக்கு வருகிறார். பேச்சுப் பயிற்சியாளருக்கு மலையாளமும் ஆங்கிலமும் தெரியும்; தேர்வுத்தாள் மலையாளத்தில் இருக்கிறது. படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் தொழிலாளி விழிக்கிறார். கட்டளையைச் சொன்னால் பாதி செய்கிறார். மதிப்பெண் விழுகிறது. குழுக் கூட்டத்தில் ‘புரிதல் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது’ என்று அறிவிக்கப்படுகிறது. அளக்கப்பட்டது நோயா, மலையாள அறிவா என்று அங்கு கேட்பவர் யார்?

இதற்குச் சொல்லப்படும் மறுமொழிகள் நான்கு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

முதல் மறுமொழி: “எல்லைத் தமிழருக்கு மலையாளம் நன்றாகத் தெரியும்.” தெரியும் என்பது உண்மை. பக்கவாதத்துக்கு முன் தெரியும் என்பதே முழு உண்மை. இருமொழியாளரின் மூளை பாதிக்கப்படும்போது எம்மொழி தங்கும், எம்மொழி போகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவாதத்துக்கு வந்தது. முதலில் கற்றது கடைசியில் அழியும் என்ற கருத்து 1881இல் தியோதூல் ரிபோவின் நினைவு பற்றிய நூலோடு தொடர்புடையது. மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்று 1895இல் ஆல்பேர் பித்ர் வாதிட்டார். பின்னர் மிஷேல் பாரதி பலவகை மீட்சிகளை வகைப்படுத்தினார்: இரு மொழிகளும் ஒருசேர மீளலாம்; ஒன்று முந்தி மற்றொன்று பிந்தலாம்; ஒன்று மீள மற்றொன்று மீளாமலே போகலாம். ஆகவேதான் இருமொழியாளரை அவருடைய எல்லா மொழிகளிலும் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தி, அதற்கான தேர்வுத் தொகுதியையும் 1987இல் அவர் நூலாக வெளியிட்டார். நோயாளியின் மொழிவரலாறு அதில் முதற்பகுதியாகவே இடம்பெறுகிறது. ‘முன்பு தெரிந்திருந்தது’ என்பது மதிப்பீட்டைத் தவிர்ப்பதற்கான காரணமாகாது; மதிப்பீட்டைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

இரண்டாம் மறுமொழி: “தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள், சமாளித்துக்கொள்ளலாம்.” உடன்பிறந்த மொழிகள் என்பதனாலேயே ஆபத்து மிகுதி. முற்றிலும் அயலான மொழியில் புரியாமை வெளிப்படையாகத் தெரிந்துவிடும். அண்டை மொழியில் புரிந்ததுபோன்ற தோற்றம் உண்டாகும். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். மூணாற்றுத் தமிழருக்கு அது சன்னலுக்கு வெளியே நிற்பது. மலையாளத்தில் ‘விஷமம்’ மனவருத்தம், தமிழில் குறும்பு. பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அறிவதற்காக ‘விஷமம் உண்டோ’ என்று கேட்கப்படும்போது, நலமாயிருந்த காலத்தில் இவ்வேறுபாட்டை நொடியில் கடந்த மூளை, இப்போது எங்கே தடுக்கி விழும் என்று யாரால் சொல்ல முடியும்? மலையாளத்தில் கை ‘தளர்ந்தது’ என்றால் செயலிழந்தது. தமிழில் அது வெறும் சோர்வாகவும் இருக்கலாம்.

இலக்கணத்திலும் இதே நிலை. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதை இழந்துவிட்டது. அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் ‘வந்நு’ ஒன்றே. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது என வினை பிரிகிறது. மொழியிழப்பின் ஒரு வகையில் இத்தகைய விகுதிகளே முதலில் தடுமாறுகின்றன. தமிழரின் நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் அந்த இடம் மலையாளத் தேர்வில் இல்லவே இல்லை. பழுதைப் பார்க்க முடியாத கருவியால் பழுது இல்லை என்றோ, எல்லாமே பழுது என்றோதான் சொல்ல முடியும்.

மூன்றாம் மறுமொழி: “தமிழ் தெரிந்த செவிலியரோ மகளோ மொழிபெயர்த்துவிடுவார்.” கேரள மருத்துவமனைகளில் பைஸ்டாண்டர் என்று அழைக்கப்படும் அக்குடும்பத்தாரே உண்மையில் இரவும் பகலும் நோயாளியைப் புரட்டிப் போடுபவர், ஊட்டிவிடுபவர். ஆனால் குழுக் கூட்டம் அவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மட்டும் மொழிபெயர்ப்பாளராக்கிக்கொள்கிறது. அவ்வழியில் செய்தி என்னாகிறது என்று மொழியியல் மாணவர் எவரும் தொடர்ந்து பார்க்கலாம். தாய் தமிழில் முனகுகிறாள். மகள் அதைத் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சுருக்குகிறாள். செவிலியர் அதை மேலும் சுருக்கி அறிக்கையிடுகிறார். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். ‘கை வலிக்குதாம், அதான் தூக்க மாட்டேங்குது’ என்று மகள் சொன்னதில் ‘ஆம்’ என்ற ஈறு ஒன்று இருந்தது. இது பிறர் கூற்று, நேரில் அறிந்ததன்று என்று காட்டும் ஈறு அது. காரணம் காட்டும் ‘அதான்’ என்ற சொல்லும் இருந்தது. மூன்று கை மாறிய பிறகு இரண்டும் உதிர்ந்து, ‘பயிற்சிக்கு மறுக்கிறார்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. பக்கவாதத்துக்குப் பின் தோள்மூட்டு வலி பலருக்கும் வருவது, மருத்துவம் செய்யத்தக்கது. இங்கே வலி காணாமற்போய், குணக்கேடு எழுதப்பட்டுவிட்டது. தொடக்கத்தில் கண்ட ‘ஒத்துழைக்கவில்லை’ என்னும் தொடரின் பிறப்பிடம் இதுதான்.

விழுங்குதலில் இது உயிருக்கே கேடாகும். தாடையைத் தாழ்த்திக்கொண்டு விழுங்க வேண்டும், நிமிர்ந்து உட்காராமல் உண்ணக்கூடாது, தண்ணீரை எந்த அளவுக்குக் கெட்டியாக்கித் தர வேண்டும் என்ற அறிவுரைகள் பைஸ்டாண்டருக்கு அரைகுறையாகப் போய்ச்சேர்ந்தால், உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரல் அழற்சி வரும். பக்கவாத நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் அதுவும் ஒன்று.

குடும்பத்தாரை ஈடுபடுத்துவதால் பயனில்லை என்பதற்கு ‘அட்டெண்ட்’ சோதனையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான அவ்வாய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை அளித்த பிரிவிலும் வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும் ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்தோரும் ஒரே அளவு, அதாவது 47 விழுக்காடு. இம்முடிவை மறைக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தோளில் ஏற்றினால் கூடுதல் பயன் கிட்டவில்லை என்பதே அது சொல்வது. முடிவெடுக்கும் அறையில் குடும்பம் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அச்சோதனை எழுப்பவில்லை. உழைப்பைக் கேட்டுவிட்டுக் குரலைக் கேட்க மறுப்பதற்கு அதைச் சான்றாக்க முடியாது.

நான்காம் மறுமொழி: “மருத்துவத்தில் மொழி அரசியலைக் கலக்காதீர்கள்.” 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டபோதே அரசியல் கலந்துவிட்டது. தேவிகுளமும் பீர்மேடும் எங்கே சேர வேண்டும் என்ற போராட்டத்தை இங்கு மீண்டும் நடத்த வேண்டியதில்லை. அவை கேரளத்தில் இருக்கின்றன, அங்குள்ள தமிழர் கேரளத்தின் குடிமக்கள். அக்குடிமக்களுக்கு அம்மாநிலமே கொடுத்த வாக்குறுதி ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல்மொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்கிறது. தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கெனத் தனியே எழுத்தர் பணியிடங்களைக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவித்துவருகிறது. பட்டா மாறுதலுக்கு மனு எழுதத் தமிழ் செல்லும் என்றால், பக்கவாதத்தால் அம்மனுவை எழுதவே முடியாமல் போனவரிடம் பேச ஏன் செல்லாது? எழுத்தருக்கு ஏற்றுக்கொண்ட கோட்பாட்டைப் பேச்சுப் பயிற்சியாளருக்கு மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

சட்டம் இன்னும் ஓர் இடத்தில் குறுக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மொழியிழப்பால் வரும் நிரந்தரக் குறைபாட்டைப் பேச்சு, மொழி மாற்றுத்திறன் என்று பெயர் சொல்லியே ஏற்கிறது. அச்சட்டத்தின் முக்கியமான பயன்கள் பலவற்றுக்குக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். அவ்விழுக்காட்டை நிர்ணயிப்பது மொழித் தேர்வின் மதிப்பெண். தவறான மொழியில் நடந்த தேர்வு சிலருக்கு இல்லாத குறையைக் காட்டும். விகுதிச் சிதைவு போன்றவற்றைக் காணாமல் வேறு சிலருக்கு இருக்கும் குறையை மறைக்கும். முன்னவர் ‘பேசத் தேறாதவர்’ என்று பயிற்சியை இழப்பார். பின்னவர் சான்றிதழை இழப்பார்.

குற்றம் முழுவதையும் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்விப்புலம் நிம்மதியாக உறங்க முடியாது. மூணாறிலிருந்து தேனிக்கும் மதுரைக்கும், சித்தூரிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கோயம்புத்தூருக்கும் நோயாளிகள் வருகின்றனர். அங்கே தமிழ் உண்டு. எந்தத் தமிழ்? பாடநூல் தமிழில் ‘நீர் அருந்துகிறீர்களா’ என்று கேட்கும் தேர்வுத்தாள் தோட்டத் தொழிலாளிக்கு இன்னோர் அயல்மொழிதான். ‘அம்மா வந்துச்சு’ என்று நோயாளி சொன்னால், பள்ளி இலக்கணம் மட்டும் படித்த தேர்வாளர் அதைப் பால் மயக்கமாகக் குறித்துக்கொள்வார். கொங்கு வழக்கிலும் தென்மாவட்ட வழக்குகளிலும் அது பழுதற்ற, அன்பான பேச்சு. படம் காட்டிப் பெயர் கேட்கும் பகுதியில் நகரத்துப் பொருள்களுக்குத் தடுமாறுபவர், கொழுந்துக் கூடையின் படத்துக்கு உடனே வாய் திறக்கலாம். நோயின் விகுதிச் சிதைவையும் வட்டார வழக்கையும் பிரித்தறிய மொழியியல் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி தரும் துறைகள் தமிழ்நாட்டில் உள்ளன. தொன்மையும் செம்மையும் பேசும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. இரட்டை வழக்கு பற்றி ஆய்வேடுகள் அடுக்கடுக்காக எழுதப்படுகின்றன. அவ்வறிவில் எவ்வளவு ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? எல்லைப்புறத் தமிழைக் கள ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்கள், அத்தமிழைப் பேசும் முதியவர் சொல்லிழந்து கிடக்கும்போது அத்தரவைக் கொண்டு ஒரு சொற்பட்டியலேனும் செய்து தந்தார்களா? தரவு வாங்கியவர்களுக்குத் திருப்பித் தரும் கடமையும் உண்டு.

ஆள் பற்றாக்குறை, நேரப் பற்றாக்குறை என்பன பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் கீழ்க்காணும் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதுக் கட்டடமோ புதுக் கருவியோ வேண்டியதில்லை.

1. முதல் குழுக் கூட்டத்துக்கு முன்பே நோயாளியின் மொழிவரலாறு கேஸ் ஷீட்டில் பதியப்பட வேண்டும். வீட்டு மொழி எது, வேலை மொழி எது, பள்ளி மொழி எது, காசு எண்ணுவது எம்மொழியில், சாமி கும்பிடுவது எம்மொழியில் என்ற ஐந்து கேள்விகள் போதும். பத்து நிமிட வேலை.

2. ‘ஒத்துழைக்கவில்லை’, ‘புரிதல் இல்லை’ என்று எழுதும்போது, எம்மொழியில், யார் வழியாகக் கேட்கப்பட்டது என்பதும் உடன் எழுதப்பட வேண்டும். அக்குறிப்பு இல்லாத முடிவு கூட்டத்தில் ஏற்கப்படக் கூடாது.

3. கூட்டத்தில் அந்நோயாளியைப் பற்றிப் பேசும் நேரத்திலாவது பைஸ்டாண்டர் அறைக்குள் இருக்க வேண்டும். எடுத்த முடிவு அவருக்குத் தமிழில் சொல்லப்பட வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

4. இடுக்கி, பாலக்காடு மருத்துவமனைகளில் தமிழும் மலையாளமும் அறிந்த பேச்சுப் பயிற்சியாளர் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். வீட்டுக்குச் செல்லும் வலிதணிப்புச் செவிலியருக்கான அறிவுரைத் தாள்கள் தமிழிலும், பேச்சுத் தமிழிலேயே, இருக்க வேண்டும்.

5. இரு மாநிலங்களின் மொழியியல் துறைகளும் பேச்சு, செவித்திறன் கல்வி நிறுவனங்களும் இணைந்து எல்லைப்புற வழக்குகளுக்கு உரிய மதிப்பீட்டுத் தொகுதியை உருவாக்க வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு கிடைப்பது அரிது.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தனர். ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் திரண்ட அவர்கள், தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினர். தங்களைப் பற்றிய பேச்சுவார்த்தையில் தங்கள் குரலே ஒலிக்க வேண்டும் என்றனர். கேரளம் அன்று அதைக் கேட்டது. அப்பெண்களின் தலைமுறை முதுமையை நோக்கிச் செல்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மலையேறி வெகுகாலமாயிற்று. நாளை அவர்களில் ஒருவர் வலக்கை விழுந்து, வாய் கோணி, சொல் வராமல் கட்டிலில் கிடக்கும்போது, அவரைப் பற்றி ஓர் அறையில் ஆறு பேர் கூடிப் பேசுவார்கள். சாலையில் அமர்ந்து கேட்க இயலாத நிலையில் இருக்கும் அவருக்காக, அவ்வறைக்குள் இருக்கும் ஒருவரேனும் கேட்க வேண்டும்: இவரிடம் இவருடைய மொழியில் யாராவது பேசிப் பார்த்தீர்களா?